சீலோவாம் கோபுரமும் தனுஷ்கோடிப் புயலும்



அட்வெந்து காலத்தின் வாரங்களில் நாம் இருக்கிறோம். நம் காஞ்சிபுரத்தில் இந்த நாட்களின் விடியற்காலை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட நாட்களில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, இழை இழையாய்ச் சரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேகம் கறுத்தால் அதே கைகள் அவசர அவசரமாய்ப் பாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடும். நமக்குக் குளிர்காலம் என்பது இவ்வளவுதான். குளிர்நாடுகளில் உள்ளவர்களைப்போல் உறைபனியையும் பனிப்புயலையும் நாம் கண்டதில்லை. ஆனாலும் குளிர்காலப் புயலை நாம் அறியாதவர்கள் அல்லர். நம்முடைய குளிர்காலப் புயல் வங்கக் கடலிலிருந்து வருகிறது. அது வெண்மையாய் வருவதில்லை, கறுப்பாய் வருகிறது.

அப்படி வந்த ஒரு புயலின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். 1964ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாட்களுக்கு முன் தனுஷ்கோடியை அழித்த புயல் அது. இதை நான் எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

உங்களில் அநேகர் இராமேஸ்வரம் போயிருப்பீர்கள். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அந்தத் தீவின் தென்கிழக்கு முனையில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் இருக்க, இடையில் நாக்குபோல் நீளும் மணல் திட்டின்மேல் அமைந்திருந்தது தனுஷ்கோடி. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், அந்த மணல்முனை இரண்டு நாடுகளை இணைக்கும் வாசலாயிற்று. சென்னை எழும்பூரில் புறப்பட்டு, செங்கல்பட்டு வழியாய்த் தெற்கே ஓடிய போட் மெயில் தன் பயணிகளைத் தனுஷ்கோடித் துறையில் இறக்கும். அவர்கள் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கே கொழும்புக்குப் போகும் ரயிலைப் பிடிப்பார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் மக்களும், வியாபாரிகளும், இரு கரையிலும் உறவு உள்ளவர்களும் போய்வந்த வழி அது.

ஆகவே தனுஷ்கோடி ஒரு குக்கிராமமாய் இருக்கவில்லை. ரயில் நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. அவற்றைச் சுற்றிலும், கடலுக்கு மிக அருகே, மீனவர்களின் ஓலைக் குடிசைகள் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவகாலத்தில் வங்கக் கடலில் புயல் எழுவது புதிதல்ல. ஆனால் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே அவை வலுவாய் வரும். டிசம்பர் பாதிக்குமேல் மழை ஓயத் தொடங்கும், காற்று குளிரும், கடலும் மெல்ல ஆறும். அந்நாட்களில் எழும் புயல்கள் வடக்கே ஏறாமல் தென்கடலிலேயே பிறக்கும். அங்கேயும் ஒரு தடை உண்டு. காற்று சுழன்று புயலாவதற்குப் பூமியின் சுழற்சி துணைசெய்ய வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தத் துணை குறைந்துபோகும். எனவே நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே, ஆண்டின் கடைசி நாட்களில், மிகக் கடுமையான புயல் உருவாவது அரிது. 1964இல் அந்த அரிய காரியம் நடந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உண்டாயிற்று. இரண்டு நாட்களில் அது புயலாய் வலுத்து மேற்கு நோக்கி நகர்ந்தது. 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியில் வவுனியாவை ஒட்டிக் கடந்து, பாக்கு நீரிணையில் இறங்கி, அன்று இரவே தனுஷ்கோடியின்மேல் மோதியது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று வீசியதென்றும், கடல் சுமார் 7 மீட்டர் உயரத்துக்கு எழும்பியதென்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். தனுஷ்கோடியின் நிலம் கடல்மட்டத்தைவிட அதிக உயரமில்லாத வெறும் மணல். ஓடிப்போய் ஏறிக்கொள்ள அங்கே ஒரு மேடும் இல்லை.

அதே இரவில், 11 மணி 55 நிமிடத்துக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள் என்பது பதிவான கணக்கு. கணக்கில் வராதவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டி விளக்கு எரியவில்லை, ரயில் இருளில் சற்று நின்றது, பின்பு ஓட்டுநர் நீண்ட ஊதல் கொடுத்து மெதுவாய் முன்னே நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. அந்த நேரத்தில் எழும்பிவந்த கடல் ரயில் முழுவதையும் வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்த ஒருவரும் கரை சேரவில்லை.

அன்பானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்தப் பெட்டிகளில் யார் இருந்திருப்பார்கள்? கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பினவர்கள் இருந்திருக்கலாம். சேதுவில் நீராடப் புறப்பட்ட யாத்திரிகர்கள் இருந்திருக்கலாம். மறுநாள் வேலைக்கு முகம் காட்ட வேண்டிய கூலிக்காரர்கள் இருந்திருக்கலாம். ஜெபம் பண்ணத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே ரயிலில்தான் போனார்கள். கடல் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பாம்பன் பாலத்தின் 145 இரும்புச் சட்டங்களில் 126 கடலில் விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிடத் திறந்து மூடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. தந்திக் கம்பிகளும் அறுந்தபடியால், தீவில் நடந்தது வெளியுலகுக்குத் தெரியவே நேரமாயிற்று. மொத்தம் ஏறக்குறைய 1800 பேர் மாண்டிருப்பார்கள் என்பது பொதுவாய்ச் சொல்லப்படும் மதிப்பீடு. கடலின் மறுகரையில், இலங்கையின் வடபகுதியிலும் நம் தமிழ் மக்கள் பலர் மடிந்தார்கள். தனுஷ்கோடி இனி மனிதர் வாழத் தகாத இடம் என்று சென்னை அரசு அறிவித்தது. அத்தோடு அந்த ஊரின் கதை முடிந்தது. புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் அப்போது நம் கடலில் இல்லை. தான் அழித்த ஊரின் பெயரையே அது தன் பெயராய் எடுத்துக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபை வாலிபர்களோடு நான் அங்கே போயிருந்தேன். பவளக்கற்களால் கட்டிய அந்தத் தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. பலிபீடம் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் நேரே வானம் தெரிகிறது. ரயில் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய கட்டுமானம் மணலில் தனியே நிற்கிறது. எங்களோடு வந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "ஐயா, இந்தக் கோயிலைக் கூடவா கடவுள் காப்பாத்தலை?"

அந்தக் கேள்விக்கு நம் நாட்டில் இரண்டு விதமான பதில்கள் ஆயத்தமாய் இருக்கின்றன. ஒன்று, "அந்த ஊரில் ஏதோ பாவம் நடந்திருக்கும், அதனால்தான் அழிந்தது" என்பது. மற்றொன்று, "நம்மைக் காப்பாற்றினாரே, நாம் அவருக்குப் பிரியமானவர்கள்" என்பது. முதல் பதில் செத்தவனைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது பதில் பிழைத்தவனை நீதிமானாக்குகிறது. இரண்டும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

அந்த மரத்தில் நானும் ஏறியிருக்கிறேன். நான் சொல்லுவதாய்ச் சொன்ன சொந்தக் காரணம் இதுதான்.

2015ஆம் ஆண்டின் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரு நாளுக்குள், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. அதற்கு முன்பு நவம்பரிலேயே நம் ஊர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. நெசவாளர் வீடுகளில் தறிக்குழிக்குள் ஊற்றுப்போல் தண்ணீர் சுரந்தது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு அதன் பொருள் தெரியும். குழியில் தண்ணீர் நின்றால் கால்மிதி ஓடாது. ஈரம் ஏறினால் பட்டும் கெடும், ஜரிகையும் கறுக்கும். பாதி நெய்த சேலை தறியிலேயே நிற்கும். கூலி நின்றுபோகும், வாங்கிய முன்பணம் மட்டும் கடனாய் நிற்கும்.

அந்த வாரத்தின் ஞாயிறு ஆராதனையில் நான் பிரசங்கம் பண்ணினேன். இந்த மழை தேவனுடைய எச்சரிப்பு என்றும், நம்முடைய பாவங்களை நினைக்கும்படி அவர் தண்ணீரை அனுப்பியிருக்கிறார் என்றும் மிகுந்த உறுதியோடு சொன்னேன். என் வீடு மேட்டில் இருக்கிறது. என் வாசற்படியைக் கூடத் தண்ணீர் தொடவில்லை.

மறுநாள் நம் சபையைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். தறிக்குழியிலிருந்து குடத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். ஜெபித்து முடித்தபின் மெதுவாய்ச் சொன்னார்: "ஐயா, நேத்து நீங்க சொன்னதைக் கேட்டேன். ராத்திரி பூரா என்ன பாவம் செஞ்சோம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் பிடிபடலை. எங்க வீடு தாழ்வா இருக்குது ஐயா. தண்ணி தாழ்ந்த இடத்துக்குத்தானே வரும்?"

வேதாகமக் கல்லூரியில் நான் கற்ற பாடங்கள் எதிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. அவர் என்மேல் கோபப்படவில்லை என்பதே எனக்குப் பாரமாய் இருந்தது. அவருக்கு மன்னிப்புச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு, பிரசங்க பீடத்திலிருந்தே சபையாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்று அங்கே இல்லாதவர்களுக்காக இன்று மறுபடியும் எழுதுகிறேன்.

தண்ணீர் தாழ்ந்த இடத்துக்கு வரும். தனுஷ்கோடியில் நடந்ததும் அதுவே. குடிசைகள் கடலோரத்தில் இருந்தன, ஏனென்றால் அங்கே வாழ்ந்தவர்களின் படகுகள் கடலில் இருந்தன. மேடான நிலத்தில் கல்வீடு கட்டும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. அதைப் பாவம் என்று பெயரிட்டு அழைப்பதற்கு நமக்கு என்ன அதிகாரம்?

நம் ஆண்டவரிடத்திலும் இதே கேள்வி வந்தது. லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் கொடிய குற்றவாளிகளாய் இருந்ததினால் அப்படி நடந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆண்டவர் அந்த எண்ணத்தை வெளிப்படையாய் மறுத்தார். இறந்தவர்களின் கணக்கை ஆராய்வதை விட்டு, உயிரோடிருக்கிறவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கும்படி திருப்பிவிட்டார். மனந்திரும்புதல் என்ற சொல்லை அவர் இடிபாட்டில் கிடந்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். நான் 2015இல் அதைத் திருப்பிப் பிடித்துவிட்டேன்.

அதற்கு அடுத்தபடியாக அவர் சொன்ன உவமையையும் விட்டுவிடாதீர்கள். கனிகொடாத அத்திமரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான் தோட்டக்காரன். அந்த வருஷத்தில் அவன் செய்யப்போவது என்ன? மரத்தைச் சுற்றிக் கொத்துவான், எரு போடுவான். அதாவது, மனந்திரும்புதலுக்குக் கொடுக்கப்பட்ட காலம் கையில் மண் படும் வேலைக்குக் கொடுக்கப்பட்ட காலமாய் இருக்கிறது.

1964இன் வரலாற்றில் அப்படிக் கையில் மண் பட்ட மூன்று காரியங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, திறந்திருந்த ஒரு வாசல். அந்த இரவில் இராமேஸ்வரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இராமநாதசுவாமி கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். கடல்நீர் அந்தக் கோயில் அளவில் நின்றுவிட்டது என்று சொல்லுகிறார்கள். நம் அயலார் அதற்குச் சொல்லும் விளக்கத்தோடு நான் வாதாட வரவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே போனவர்கள் பிழைத்தார்கள், அதற்காக நான் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் போன கப்பலும் குளிர்காலத்தில்தான் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் சிக்கியது. 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு நெருப்பு மூட்டி உபசரித்தவர்கள் சபையார் அல்லர். சுவிசேஷத்தை அதுவரை கேட்டிராத தீவுவாசிகள் அவர்கள். கோயில்கள் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு இது அந்நியமான காரியமா? 2015இல் அந்தத் தாயாரின் பட்டுப் பாவைத் தன் மாடியில் கொண்டுபோய்ப் பாதுகாத்தவர், நெற்றியில் திருமண் இடும் எதிர்வீட்டுக்காரர். நான் போவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே அவர் போயிருந்தார்.

இரண்டாவது, பழுது பார்த்த கைகள். பாம்பன் பாலத்தைச் சரிசெய்ய முதலில் ஆறு மாதம் ஆகுமென்று கணக்கிட்டார்கள். பின்பு அதை மூன்று மாதமாய்க் குறைத்தார்கள். பொறுப்பு 32 வயதான பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலடியில் கிடந்த சட்டங்களைத் தேடி எடுத்து மறுபடியும் பொருத்தி, 46 நாட்களில் வேலையை முடித்தார்கள். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டி நாடறிந்தவர் அவரே. ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அந்தப் பாலத்தின்மேல் ரயில்கள் ஓடின. 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் ரயில் இன்றும் இராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. பாலத்தைத் திரும்பக் கட்டலாம். 653ஆம் எண் ரயிலில் போனவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூன்றாவது, கற்றுக்கொண்ட பாடம். அன்று கடலோரக் குடிசையில் படுத்திருந்தவனுக்குப் புயலைப் பற்றிய செய்தி வந்து சேர வழியில்லை. இன்று செயற்கைக்கோள் வானத்திலிருந்து பார்க்கிறது. 2002 முதல் சென்னையில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அவையும் குளிர்காலப் புயல்களே. உயிர்ச்சேதம் அப்போதும் உண்டாயிற்று. ஆனாலும் ஓர் ஊர் முழுவதும் ஒரே இரவில் மாண்டுபோகவில்லை, ஏனென்றால் முன்னறிவிப்பு வந்தது, ஜனங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். எச்சரிப்பைப் பிரசங்கத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்த எனக்கு, வானிலை அறிவிப்பும் இரக்கத்தின் ஒரு வடிவம் என்று விளங்க நாளாயிற்று.

அந்தத் தம்பிக்கு தனுஷ்கோடியில் நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "தெரியாதப்பா" என்றுதான் சொன்னேன். பவுலின் கப்பலில் 276 பேரும் பிழைத்தார்கள், இந்த ரயிலில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏன் என்று வேதம் எனக்குச் சொல்லவில்லை, நானும் புதிதாய் ஒரு காரணம் கட்டமாட்டேன் என்றேன். ஆனால் ஒன்று தெரியும்: நாம் எதிர்பார்த்திருக்கிற ஆண்டவர் மேட்டு வீட்டில் வந்து பிறக்கவில்லை. இடமில்லாதவர்களோடு, தாழ்ந்த இடத்தில் வந்து பிறந்தார். தண்ணீர் எங்கே வருமோ அங்கே அவரும் வருகிறார். கூரை போன அந்தச் சுவர்களுக்குள் நின்று நாங்கள் சற்று நேரம் மௌனமாய் ஜெபித்துவிட்டுத் திரும்பினோம்.

இந்த வாரத்துக்கு உங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் தெருவில் மிகத் தாழ்வாய் இருக்கும் வீடு எது என்று பாருங்கள். அவர்கள் எந்தச் சபையார், எந்தக் கோயிலார் என்று கேட்க வேண்டாம். அடுத்த மழைக்கு முன்பே அவர்கள் வாசலுக்குப் போங்கள். பாவை எடுத்து வைக்க இடம் வேண்டுமா, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமா என்று விசாரியுங்கள். ஆலயத்தின் மாடி அறையை இந்தப் பருவம் முழுவதும் பூட்டாமல் வைக்கும்படி கமிட்டியில் பேசியிருக்கிறேன். புயல் வந்தபின் ஏன் வந்தது என்று பேசுகிற சபையாய் இராமல், வருமுன் கதவைத் திறந்து வைக்கிற சபையாய் இருப்போமாக.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, இறந்துபோனவர்களை நியாயந்தீர்த்த எங்கள் வார்த்தைகளை மன்னியும். தனுஷ்கோடியிலும் மன்னாரிலும் அந்த இரவில் கடல் கொண்டுபோனவர்களை நீர் பெயர் பெயராய் அறிந்திருக்கிறீர். தாழ்ந்த இடங்களில் வாழ்கிறவர்களை இந்த மழைக்காலத்தில் காத்தருளும். அவர்களிடம் போக எங்கள் கால்களுக்கு விரைவைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்